157 கோடியே 79 இலட்சத்து 17 ஆயிரத்து 500: பஞ்சாங்கத்துக்குள் இருக்கும் ஓர் எண்

கேள்வி: பத்து இலக்கமோ அதற்கு மேலோ உள்ள ஒரு முழு எண்ணைச் சொல்லி அதன் கணிதப் பண்புகளை விளக்க முடியுமா? எல்லாரும் வழக்கமாகச் சொல்கிற எண்களாக இல்லாமல் இருந்தால் நல்லது.

என்னுடைய எண் 1,57,79,17,500. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஆளென்றால் இந்த எண்ணின் விளைவை ஒவ்வொரு சித்திரையிலும் பார்த்திருப்பீர்கள், எண்ணைத்தான் பார்த்திருக்க மாட்டீர்கள். பழைய மனப்பாட வாய்பாடுகளை வைத்துக் கணிக்கிற கொக்குவில் வாக்கிய பஞ்சாங்கத்தில் வருடப்பிறப்பு இத்தனை மணிக்கு என்று ஒரு நேரம் போட்டிருக்கும், திருத்திய கணிதத்தில் போகிற மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கத்தில் வேறொரு நேரம் போட்டிருக்கும், வீட்டில் மருத்துநீர் (வருடப்பிறப்புக்குத் தலையில் வைக்கிற மூலிகை நீர்) எப்போது வைப்பது என்று ஒரு கதை நடக்கும். அந்த முதல் நேரத்துக்குப் பின்னால் நிற்பது இந்தப் பத்து இலக்க எண்தான். சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். காரணி, பொதுக் காரணிகளுட் பெரியது, மீதி என்று நாங்கள் படிப்பிக்கிற எல்லாமே ஓர் எண்ணுக்குள் உயிரோடு வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல எண் எனக்குத் தெரியாது.

எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆரியபடர் கி.பி. 499ஐ ஒட்டி எழுதிய ஆரியபடீயத்தில் ஒரு மகாயுகம் 43,20,000 வருடம். அந்தக் காலத்தில் பூமி தன்னைத்தானே 1,58,22,37,500 தடவை சுற்றும் என்று அவர் தருகிறார். அதிலிருந்து சூரியனின் 43,20,000 சுற்றைக் கழித்தால் வருவது நாட்களின் எண்ணிக்கை, அதாவது நம்முடைய 1,57,79,17,500. யுகக் கணக்கை நீங்கள் நம்புகிறீர்களா இல்லையா என்பது இங்கே தேவையில்லாத விஷயம். ஒரு வருடத்துக்கு எத்தனை நாள் என்ற பின்னத்தை, பின்னமே எழுதாமல், இரண்டு முழு எண்களாக எழுதி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். மேலே நாட்கள், கீழே வருடங்கள்.

சரி, காரணிகளுக்கு வருவோம். கடைசி நாலு இலக்கம் 7500. அது 625ஆல் பிரிபடும், ஆகவே முழு எண்ணும் பிரிபடும். கடைசியில் இரண்டு பூச்சியம் இருப்பதால் 4ஆல் பிரிபடும், ஆனால் கடைசி மூன்று இலக்கமான 500 எட்டால் பிரிபடாது, ஆகவே 8 கிடையாது. இலக்கங்களைக் கூட்டினால் 42 வரும், ஆகவே 3 உண்டு, 9 இல்லை. இவ்வளவையும் வெளியே எடுத்தால் 7500 போய் 2,10,389 மிஞ்சுகிறது. இதை உடைப்பதற்குத்தான் கொஞ்சம் மினக்கெட வேண்டும். 7ஆல் வகுத்தால் மீதி 4, 11ஆல் வகுத்தால் 3, 13ஆல் வகுத்தால் 10, இப்படியே 17, 19, 23 என்று ஏறிக்கொண்டு போனால் 59 வரைக்கும் ஒன்றும் சரிவராது. 61இல் சட்டென்று மீதியில்லாமல் பிரிபடும்: 61 × 3449. இந்த இடத்தில் பிள்ளைகள் 3449ஐ எடுத்துத் திரும்பவும் 7இலிருந்து தொடங்கப் பார்ப்பார்கள். தேவையே இல்லை. 3449க்கு ஒரு சின்னக் காரணி இருந்தால் அது 2,10,389க்கும் காரணியாக இருந்திருக்க வேண்டும், 59 வரைக்கும் நாங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டோம், 59இன் வர்க்கமோ 3481, 3449ஐத் தாண்டிவிட்டது. ஆகவே 3449 முதன்மை எண், கதை முடிந்தது. இந்த வாதத்தைப் பிள்ளைகள் தாங்களாகவே பிடிக்கும்போது அவர்களுடைய முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆக, 1,57,79,17,500 = 2² × 3 × 5⁴ × 61 × 3449. வகுத்திகள் மொத்தம் 120.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்த எண்ணுக்கும் 43,20,000க்கும் பொதுக் காரணிகளுட் பெரியதைக் காண வேண்டும். காரணிகளை வைத்துச் சொல்லிவிடலாம், ஆனால் பழைய ஆட்கள் செய்த மாதிரி ஒன்றை ஒன்றால் மாறி மாறி வகுத்துப் பாருங்கள், அதில்தான் ருசி. 1,57,79,17,500ஐ 43,20,000ஆல் வகுத்தால் ஈவு 365, மீதி 11,17,500. இப்போது 43,20,000ஐ இந்த மீதியால் வகுக்க ஈவு 3, மீதி 9,67,500. அடுத்தது ஈவு 1, மீதி 1,50,000. அடுத்தது ஈவு 6, மீதி 67,500. அடுத்தது ஈவு 2, மீதி 15,000. அடுத்தது ஈவு 4, மீதி 7,500. அடுத்தது ஈவு 2, மீதி இல்லை. பத்து இலக்க எண்ணொன்று ஏழே வகுத்தலில் அடங்கிவிட்டது. வருகிற ஈவுகளும் எவ்வளவு சின்னவை என்று பாருங்கள்: 365, 3, 1, 6, 2, 4, 2. முதல் மூன்று ஈவோடு நிறுத்தி 365 + 1/(3 + 1/1) என்று அடுக்கினால் வருடத்துக்கு 365¼ நாள் என்று வரும், நாலு வருடத்துக்கு ஒரு தடவை பெப்ரவரி 29 வைக்கிற அதே கணக்கு. கடைசி வரைக்கும் போனால் பொதுக் காரணி 7500, சுருங்கிய பின்னம் 2,10,389 / 576.

அதாவது 576 வருடத்துக்குச் சரியாக 2,10,389 நாட்கள், ஒரு நாழிகை கூடவும் இல்லை குறையவும் இல்லை.

576 என்பது 24இன் வர்க்கம், 2⁶ × 3². நம்முடைய பழைய நேரக் கணக்கு அறுபது அறுபதாகப் போகும்: நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை, விநாழிகைக்கு 60 தற்பரை. 60ஐ மூன்று தடவை பெருக்கினால் 2,16,000. அதை 576ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 375 வரும். ஆகவே 576ஐக் கீழே வைத்த எந்தப் பின்னமும் தற்பரையோடு நின்றுவிடும், அதற்குக் கீழே இழுபடாது. நம்முடைய பின்னத்தில் 365 முழுநாள் போக மிஞ்சுவது 149/576. 149ஐ 375ஆல் பெருக்கினால் 55,875 தற்பரை. பிரித்து எழுதினால் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை. பஞ்சாங்கக் கணிதம் தெரிந்தவர்கள் மனப்பாடமாகச் சொல்கிற 365–15–31–15 இதுதான். இன்றைய மணிக்கணக்கில் 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 செக்கன். எந்த இடத்திலும் கிட்டத்தட்ட என்ற சொல் வரவில்லை என்பதைக் கவனியுங்கள், இது முழுதும் சரியான பெறுமானம்.

இதன் அருமை தெரிய வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு எண்களையும் பார்க்க வேண்டும். இப்போது நம்மிடம் இருக்கிற சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூல் ஒரு மகாயுகத்துக்கு 1,57,79,17,828 நாள் என்கிறது. நம்முடைய எண்ணைவிட 328தான் கூட. நூற்றைம்பது கோடிக்கு மேற்பட்ட எண்ணில் 328 என்பது என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் காரணிகளைப் பாருங்கள். இலக்கக் கூட்டுத்தொகை 55, ஆகவே 3ஆல் பிரிபடாது. 8இல் முடிகிறது, ஆகவே 5ஆல் பிரிபடாது. 4ஆல் பிரிபடும், 8ஆல் பிரிபடாது. 43,20,000இன் காரணிகள் 2, 3, 5 மட்டும்தான், ஆகவே 43,20,000ஓடு பொதுவாக இருப்பது அந்த 4 மட்டுமே, பின்னம் 10,80,000க்குக் கீழே சுருங்க மறுக்கிறது. ஆரியபடரின் கணக்கில் 576 வருடத்தில் முழுநாளில் வந்து நிற்கிற சுற்று, இந்தக் கணக்கில் பத்து இலட்சத்து எண்பதாயிரம் வருடம் போனால்தான் வந்து நிற்கும். வருட நீளத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆறரைச் செக்கன்தான்!

மூன்றாவதாக இன்னொரு எண், 1,57,79,17,800. இதுவும் ஆரியபடருடையதுதான், ஆனால் நாளை நள்ளிரவிலிருந்து எண்ணுகிற வேறொரு முறையில் வருவது. பிறகு பிரமகுப்தர் 665இல் எழுதிய கண்டகாத்யகத்தில் பயன்பட்டது. இது சுருங்கினால் 800 வருடத்துக்கு 2,92,207 நாள். தாய்லாந்து, பர்மாப் பக்கத்துப் பழைய நாட்காட்டிகளில் இந்த 2,92,207 இன்னமும் உட்கார்ந்திருக்கிறது.

ஒரே ஆள் ஏன் இரண்டு எண் வைத்திருந்தார்? வித்தியாசம் சரியாக 300. இங்கேதான் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும், என்னுடைய எண்ணத்தில் இந்த எண்ணின் ஆகச் சிறந்த பண்பு இதுதான். ஒரு முறையில் கலியுகம் வெள்ளிக்கிழமை சூரிய உதயத்தில் தொடங்குகிறது. மற்ற முறையில் அதற்குக் கால் நாள் முன்னால், நள்ளிரவில் தொடங்குகிறது. ஆரியபடர் தன் நூலில், கலி பிறந்து 3600 வருடம் கழிந்தபோது தனக்கு வயது 23 என்று எழுதியிருக்கிறார்; அதுதான் கி.பி. 499. இப்போது 3600 வருடத்துக்கு நாள் கணக்குப் போடுங்கள். 43,20,000ஐ 3600ஆல் வகுத்தால் 1200, ஆகவே இரண்டு பெரிய எண்களையும் 1200ஆல் வகுத்தால் போதும். முதல் எண்ணில் வருவது 13,14,931¼ நாள். மற்ற எண்ணில் 13,14,931½ நாள். உதயத்திலிருந்து எண்ணினால் கால் நாள் கழித்து, அதாவது நடுப்பகல். நள்ளிரவிலிருந்து எண்ணினால் அரை நாள் கழித்து, அதுவும் நடுப்பகல். இரண்டும் ஒரே நாளின் ஒரே நடுப்பகலில், 499ஆம் ஆண்டு மார்ச் 21இல், வந்து சந்திக்கின்றன. தொடக்கத்தில் இருந்த கால்நாள் வித்தியாசத்தை அந்த 300 நாள் 3600 வருடத்தில் அப்படியே தின்று முடிக்கிறது, 300ஐ 1200ஆல் வகுத்தால் கால். இது தற்செயலாக விழுந்திருக்கும் என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். வானத்தை அளந்து பார்த்த எண் மட்டும் அல்ல இது, உட்கார்ந்து யோசித்துப் பொருத்தப்பட்ட எண்.

கிழமை விஷயம் சுருக்கமாக. காரணிகளில் 7 இல்லை, ஆகவே யுகம் முடியும்போது கிழமை திரும்பி வராது. ஆரியபடர் மகாயுகத்தை நாலு சம பாகமாகப் பிரிக்கிறார் (எண்ணில் 4 காரணியாக இருப்பதால் ஒவ்வொரு பாகமும் முழுநாளில் முடிகிறது), தொடக்கம் இலங்கையில் புதன்கிழமை உதயம் என்கிறார். அவர் சொல்கிற இலங்கை, உஜ்ஜயினிக்கு நேர் தெற்கே நிலநடுக்கோட்டில் வைத்துக்கொண்ட ஒரு கணித இடம், நம்முடைய தீவு அல்ல. ஒரு பாகத்துக்கு 39,44,79,375 நாள், 7ஆல் வகுத்தால் மீதி 3. மூன்று பாகம் கழிந்து கலி தொடங்கும்போது 9 கிழமை, அதாவது 2 கிழமை நகர்ந்திருக்கும். புதனோடு இரண்டைக் கூட்டினால் வெள்ளி. சரியாக வருகிறது, இல்லையா?

வானத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்றும் கேட்பீர்கள். இதே எண்ணை ஒரு மகாயுகத்தில் வருகிற 5,34,33,336 சந்திர மாதங்களால் வகுத்தால் ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சராசரியாக 29.53058 நாள் வரும்; இன்றைய அளவு 29.53059, வித்தியாசம் ஒரு செக்கனுக்கும் குறைவு. பூமியின் சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம் 4.1 செக்கன் வரும், அதுவும் அபாரம். வருட நீளத்தில்தான் சறுக்கல். நட்சத்திரங்களை வைத்து அளக்கிற வருடத்தைவிட இது சுமார் 3 நிமிடம் 20 செக்கன் கூட. பருவங்களை வைத்து அளக்கிற வருடத்தைவிடச் சுமார் 24 நிமிடம் கூட, அதனால்தான் அறுபது வருடத்துக்கு ஒரு நாள் வீதம் நகர்ந்து, ஆரியபடர் காலத்தில் இரவும் பகலும் சமமாகிற நாளை ஒட்டி இருந்த சித்திரைப் பிறப்பு இப்போது ஏப்ரல் 14க்கு வந்து நிற்கிறது.

பழைய கணக்கு வானத்தோடு ஒத்துப்போகாத இடங்களை வைத்து நம்முடைய ஊரிலேயே பெரிய வாதம் நடந்திருக்கிறது. 1829இல் அமெரிக்க மிஷனரிகள் நடத்திய வட்டுக்கோட்டை செமினரியில் டானியல் பூவர் என்ற மிஷனரி, வரப்போகிற சந்திர கிரகணத்தை முன்வைத்து, பஞ்சாங்கம் சொல்கிற கிரகண விவரத்தில் பிழை இருக்கிறது என்று எல்லாருக்கும் முன்னால் சோதித்துக் காட்டினார். பிறகு அதே செமினரியில் இருந்த ஹொய்சிங்டன், தமிழர் வானியல் கணிதத்தை மொழிபெயர்ப்போடும் குறிப்போடும் 1848இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் அச்சகத்திலேயே அச்சிட்டார். பிழை என்று காட்டியதோடு நிற்காமல், அந்தக் கணிதம் எப்படி வேலை செய்கிறது என்று வரி வரியாகப் படித்த மனிதர்கள் அங்கே இருந்தார்கள், அதற்காகவே எனக்கு அந்த இடத்தின்மேல் மரியாதை. கிரகணம் எப்போது என்று தெரிய வேண்டுமென்றால் இன்றைய வானியலைத்தான் கேட்க வேண்டும், அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் தாளும் பென்சிலும் இல்லாமல் கணக்குப் போட வேண்டிய ஒருவருக்கு எந்த எண் உதவும் என்பது வேறு கேள்வி. 1825இல் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் நிலத்தில் சோழிகளைப் பரப்பி, வாக்கியங்களை மனப்பாடமாகச் சொல்லி, ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜோன் வாரன் என்ற வெள்ளைக்காரர் பதிந்து வைத்திருக்கிறார். அப்படிக் கணிக்கிறவருக்கு 576 என்பது கைக்குள் அடங்குகிற எண், 10,80,000 அடங்காது.

கடைசியாக, நீங்களே செய்து பார்க்க ஒரு கணக்கு. 2025 ஏப்ரலில் கலி பிறந்து 5126 வருடம் கழிந்திருந்தது. 5126 × 365 = 18,70,990. பிறகு 5126 × 149 = 7,63,774; அதை 576ஆல் வகுக்க 1325, மீதி 574. மொத்தம் 18,72,315 நாளும் 574/576 நாளும்; அந்தப் பின்னம் 59 நாழிகை 47 விநாழிகை 30 தற்பரை. இது சராசரிச் சூரியனுக்கான கணக்கு, அதாவது வருடம் முழுக்க ஒரே வேகத்தில் நகர்வதாக வைத்துக்கொண்ட சூரியன். உண்மைச் சூரியன் மேட ராசிக்குள் நுழைவது, அதாவது வருடப்பிறப்பு, அதற்கு 2 நாள் 8 நாழிகை 51 விநாழிகை 15 தற்பரை முன்னால் என்று வாக்கிய முறையில் ஒரு நிலையான கழிவு உண்டு. கழித்தால் 18,72,313 நாள் 50 நாழிகை 56 விநாழிகை 15 தற்பரை. நாளை 7ஆல் வகுத்தால் மீதி 2, வெள்ளியிலிருந்து இரண்டு கிழமை போனால் ஞாயிறு. ஞாயிறு உதயத்திலிருந்து 50 நாழிகை 56 விநாழிகை 15 தற்பரை என்றால், உதயத்தை 6 மணி என்று வைத்தால், இருபது மணி 22½ நிமிடம் கழித்து, திங்கள் விடியப்புறம் 2 மணி 22 நிமிடம் 30 செக்கன். ஏப்ரல் 14, 2025 திங்கட்கிழமைதான். வீட்டில் அந்த வருடத்து வாக்கிய பஞ்சாங்கம் கிடந்தால் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஊருக்கு ஊர் உதய நேரம் மாறுவதால் சில நிமிடம் முன்பின் இருக்கலாம்.

அடுத்த வருடத்துக்கு இவ்வளவு வேலையும் வேண்டாம். 365ஐ 7ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே ஒரு கிழமையும் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரையும் கூட்டினால் போதும். 2026க்கு வருவது செவ்வாய்க்கிழமை, உதயத்திலிருந்து 6 நாழிகை 27 விநாழிகை 30 தற்பரை, காலை 8 மணி 35 நிமிடம். உங்கள் பிறந்த வருடத்துக்குப் போக வேண்டுமென்றால் இதே அளவை ஒவ்வொரு வருடத்துக்கும் கழித்துக்கொண்டே பின்னால் போங்கள்.